அன்பராய் ஆடியவர்

 

இவ்விழாவில் உரையாற்ற அழைத்த செயலாளர், "பிறமொழி உரைநடையாளர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள், எல்லாரும் பேசுகின்றவராக இருக்க வேண்டா" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார். பெர்னார்டு டார்வின் என்றேன். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று சொன்னவரா?" என்று கேட்டார். அவர் அல்லர், அவருடைய பேரன். தாத்தா உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்தார். பேரனோ, சிறு வெள்ளைப் பந்தொன்றைக் குழிக்குள் தள்ளும் ஆட்டத்தைப் பற்றி 1907 முதல் 1953 வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் தாமும் ஆடினார்.

கோல்ஃப் என்றவுடன் நம் கண்முன் வருவது பரந்த புல்வெளியும், தொப்பியணிந்த செல்வர்களும், அவர்கள் பின்னே மட்டைப் பையைச் சுமந்து செல்லும் சிறுவனும்தாம். அந்த ஆட்டத்துக்கும் இந்த அவைக்கும் என்ன உறவு என்று சிலர் முகத்திலேயே கேள்வி தெரிகிறது. நியாயமான கேள்வி. பை சுமக்கும் அச்சிறுவனை நான் மறக்கவில்லை. அவனிடம் பின்னர் வருவேன்.

ஆட்டத்தின் இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டுக் குழிகள். ஒவ்வொன்றும் நாலேகால் அங்குல விட்டம் உடையது. நெடுந்தொலைவிலிருந்து மட்டையால் அடித்து அடித்துப் பந்தைக் குழியில் சேர்க்க வேண்டும். குறைவான அடிகளில் சேர்ப்பவர் வென்றவர். இதில் எதிராளி உங்கள் பந்தைத் தடுப்பதில்லை. கிரிக்கெட்டில் பந்து விரைந்து வருகிறது. எண்ணிப் பார்க்க நேரமில்லை. இங்கே பந்து அசையாமல் கிடக்கிறது. எண்ணுவதற்கு நேரம் ஏராளம். அந்த நேரத்தில்தான் மனம் கெடுகிறது. பெர்னார்டு டார்வின் எழுதிய ஆயிரக்கணக்கான பத்திகளுக்கும் பொருள், கெட்டுப்போகும் அந்த மனந்தான்.

அவர் 1876ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் பிறந்தார். நான்காம் நாள் தாய் ஏமி மறைந்தார். தந்தை பிரான்சிஸ் தாவரவியல் அறிஞர். தாயற்ற குழந்தையைத் தாத்தா சார்லஸும் பாட்டி எம்மாவும் டௌன் என்னும் சிற்றூரிலிருந்த தங்கள் இல்லத்தில் வளர்த்தனர். தாத்தா மறைந்தபோது பேரனுக்கு ஐந்தரை வயது. அந்த வீட்டில் கணக்கு வைப்பது ஒரு பழக்கமாகவே இருந்தது. தாத்தா நாள்தோறும் தோட்டத்துப் பாதையில் நடக்கும்போது, சிக்கிமுக்கிக் கற்களை அடுக்கி வைத்து, ஒரு சுற்று முடிந்தால் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவாராம். இரவில் மனைவியுடன் 'பேக்காமன்' என்னும் காய் நகர்த்தும் ஆட்டம். தாம் 2795 ஆட்டங்களையும் மனைவி 2490 ஆட்டங்களையும் வென்றதாக, நண்பர் ஒருவருக்கு மகிழ்ச்சி பொங்க அவர் மடல் எழுதினார். ஆண்டு 1876, பேரன் பிறந்த அதே ஆண்டு. அறிவியல் உலகையே அசைத்த ஒருவர், மனைவியைத் தாம் எத்தனை முறை வென்றோம் என்பதைப் பல்லாண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

தாய்வழி உறவு வேல்சு நாட்டில் இருந்தது. அங்கே அபர்டவி என்னும் கடற்கரையூரில் தம் மாமன் ஓர் அம்மையாரிடம் ஒன்பது பூந்தொட்டிகளை இரவல் வாங்கி, அவற்றை நிலத்தில் புதைத்து ஆடுகளம் அமைத்த கதையைப் பெர்னார்டே எழுதியிருக்கிறார். இத்தகைய கடற்கரைக் களங்களை 'லிங்ஸ்' என்கின்றனர். மணல்மேடுகள், அவற்றின்மேல் கடற்காற்றால் உயராத புல், அப்புல்லை மேய்ந்து மேய்ந்து ஒட்ட வெட்டியதுபோல் ஆக்கிய ஆடுகள். உழவுக்கு உதவாத நிலம் அது. நிலம் மயங்காது, ஒழுக்கமே மயங்கும் என்று வகுப்பறையில் திணை இலக்கணம் நடத்துகிறவள் நான். இங்கோ நெய்தல் மணலில் முல்லையின் மேய்ச்சல் நடக்கிறது! 1910இல் வெளிவந்த, பிரித்தானியத் தீவுகளின் ஆடுகளங்கள் பற்றிய அவருடைய நூலில் ஒவ்வொரு களமும் ஓர் ஊர்போல, குணமும் முகமும் உடையதாக வருகிறது. இயற்கை தந்த மேடு பள்ளங்களை அப்படியே ஏற்று ஆட வேண்டும் என்பது அவர் கொள்கை. நிலத்தைக் கட்டுரையாக்கும் கலை நமக்குப் புதிதன்று. ஆயினும், இவ்வளவு சிறிய நிலத்துக்குள் இவ்வளவு நேரம் நின்று பார்த்தவர் சிலரே.

ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று வழக்கறிஞர் ஆனார். அத்தொழில் மனத்துக்கு ஒட்டவில்லை; எழுத வந்துவிட்டார். 'டைம்ஸ்' இதழில் அக்கால மரபுப்படி அவர் பெயர் அச்சாகாது. 'நம் கோல்ஃப் செய்தியாளர்' என்றே வரும். பெயரில்லாமலேயே அந்த நடை எவருடையது என்று வாசகர் அறிந்திருந்தனர். நம்மில் எழுதுவோர்க்கு இதைவிடப் பெரிய பட்டம் வேறு என்ன வேண்டும்?

அவருடைய வாழ்வு தொடர்வண்டிகளிலும் கடற்கரை ஊர்களிலும் கழிந்த வாழ்வு. ஆட்டத்தைப் பார்க்கப் போவார், இடம் கிடைத்தால் தாமே ஆடுவார், பிறகு எழுதுவார். கைப்பையில் டிக்கன்சு நாவல்களுக்கு இடமே வேண்டா, அவற்றில் பலவும் மனப்பாடம். ஆட்டச் செய்திக்கு நடுவே பிக்விக் வந்து போவார். 1941இல் ஆக்ஸ்போர்டு மேற்கோள் அகராதியின் முதற்பதிப்புக்கு முன்னுரை எழுத ஆள் தேடியபோது ஒரு விளையாட்டுச் செய்தியாளரை அழைத்தார்கள் என்றால், அவருடைய படிப்பின் ஆழத்தை உணரலாம். மனைவி எலினோர் மான்செல் மரச்செதுக்கு ஓவியர். டப்ளின் அபி நாடக அரங்கின் சின்னத்தை வடித்தவர். இருவரும் சேர்ந்து குழந்தைகளுக்கு நூல்களும் படைத்தனர். அவ்வம்மையாரைப் பற்றித் தனியே ஓர் உரை நிகழ்த்தலாம், இன்று நேரமில்லை.

சனவரி மாதத்தில், ரை என்னும் தென்கடற்கரை ஊரில், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பழைய மாணவர்கள் கூடி ஒரு போட்டி நடத்துவர். 1920இல் தொடங்கியது. உறைபனியும் கடுங்காற்றும் உள்ள அந்த மாதத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து ஆடுகின்றவர்களை என்னவென்பது! பரிசு என்று பெரிதாக எதுவும் இல்லை. வென்றவரின் பந்தை ஒரு பழைய மட்டையில் கட்டித் தொங்கவிடுவார்கள். 1924இல், தம் நாற்பத்தேழாம் வயதில், டார்வின் அதை வென்றார். அவர் பந்தும் அம்மட்டையில் தொங்கிற்று. ஆனால் அவர் உண்மையில் விரும்பிய பட்டம் வேறு: பிரித்தானிய அமெச்சூர் சாம்பியன் பட்டம். 1909இலும் 1921இலும் அரையிறுதி வரை சென்றார். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை, இறுதிக்கு ஒரு படி கீழே நின்று திரும்பினார்.

எழுத்தில் அவர் பண்பாளர்; நகைச்சுவை குறையாதவர். களத்தில் அவர் கடுஞ்சினத்தவர் என்பதை உடன் ஆடியவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். தவறிய அடிக்காக மட்டையையும் மண்ணையும் தம்மையும் ஏசுவாராம். இந்த முரணைச் சிலர் குறையாகச் சொல்வர். எனக்கோ அவர் உரைநடையின் திறவுகோலே இதுதான் என்று படுகிறது. மாலையில் அமைதியாக எழுதிய கை, பகலில் சினந்து நடுங்கிய கை. பிறர் தடுமாற்றத்தை அவர் எள்ளாமல் எழுதியதற்கு, அந்தத் தடுமாற்றம் தம் உடம்பிலேயே இருந்தது காரணம். மூன்றடித் தொலைவில் கிடக்கும் பந்தைத் தள்ளத் தவறியவனைப் பற்றி எழுதும்போது, அவன் விரல்களுக்குள் நுழைந்து எழுதுவார். வெற்றி பெற்றவரின் அடிக்கணக்கைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்; தோற்றவரிடம் நின்று பேசுவார்.

இதனாலேயே மொத்த அடிகளைக் கூட்டிப் பரிசளிக்கும் முறையைக் காட்டிலும், இருவர் எதிரெதிரே நின்று குழிக்குக் குழி வெற்றி தோல்வி காணும் முறையையே அவர் விரும்பினார். முதல் முறையில் ஆட்டக்காரனுக்கு எதிரே எண் இருக்கிறது. இரண்டாவதில் மனிதன் இருக்கிறான். அடிக்கணக்கு முறையில் ஒரு குழியில் சிதைந்தால் அன்றைய பொழுதே சிதைந்தது. ஆள்முக ஆட்டத்தில் அடுத்த குழியில் புதிதாகத் தொடங்கலாம். தொலைக்காட்சிக்கும் பரிசுப் பணத்துக்கும் ஏற்றதாக அடிக்கணக்கு முறையே இன்று மேலோங்கி நிற்கிறது. டார்வின் இதை விரும்பியிருக்கமாட்டார்.

ஆட்டத்தை ஓரத்தில் நின்று பார்த்து, பார்த்ததை இலக்கியமாக்கியவர்கள் நம் மரபிலும் உண்டு. புறநானூற்றில் நக்கண்ணையார், தாம் விரும்பிய பெருநற்கிள்ளியின் போரைப் பனையடியில் நின்று பார்க்கிறார். ஊரில் ஒரு சாரார் அவனுக்கே வெற்றி என்கின்றனர். மறுசாரார் இல்லை என்கின்றனர். இரண்டு குரலும் பாட்டிலேயே கேட்கின்றன. ஒரு நல்ல ஆட்ட வருணனைக்கு வேண்டிய அனைத்தும் அச்சிறு பாட்டில் உள்ளன: கூட்டம், ஐயம், பார்ப்பவரின் தவிப்பு. டார்வினுக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்தது. 1913இல் அமெரிக்க ஓபன் போட்டிக்குச் செய்தியாளராகச் சென்றிருந்தார். பாஸ்டன் நகருக்கு அருகே புரூக்லைனில் ஆட்டம். ஆங்கிலேயத் தொழில்முறை வீரர்கள் ஆரி வார்டன், டெட் ரே இருவரும் வெல்வார்கள் என்பது உலகின் எதிர்பார்ப்பு. அவர்களுக்கு நிகராக வந்து நின்றவன், அக்களத்துக்கு எதிர்த்தெருவில் வாழ்ந்த, அங்கேயே பை சுமந்து வளர்ந்த, இருபது வயது பிரான்சிஸ் விமெட். அவனுக்குப் பை சுமந்தவனோ பத்து வயதுச் சிறுவன். மூவரும் ஆடிய இறுதிப் போட்டியில் விமெட்டின் அடிகளைக் குறிக்கும் பொறுப்பு டார்வினிடம் வந்தது. விமெட் 72, வார்டன் 77, ரே 78. தம் நாட்டார் தோற்பதைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அச்சிறுவனின் வெற்றியை அவர் கொண்டாடி எழுதினார்.

1922இல் மீண்டும் அமெரிக்கா. வாக்கர் கோப்பையின் முதற்போட்டி. அப்போதும் செய்தியாளராகத்தான் போனார். பிரித்தானிய அணித்தலைவர் நோயுற்றதால், பேனாவை வைத்துவிட்டு மட்டையை எடுக்கும்படி ஆயிற்று. அணித்தலைமையும் அவருக்கே. அணி 8–4 என்ற கணக்கில் தோற்றது. ஆனால் டார்வின், அமெரிக்க அணித்தலைவர் பவுன்சைத் தனியாட்டத்தில் வென்றார். எழுதப் போனவர் ஆடித் திரும்பிய கதைகள் விளையாட்டு வரலாற்றில் அரியவை.

இப்போது சொல்லாராய்ச்சிக்கு வருகிறேன். தமிழாசிரியை பேசினால் இதற்குத் தப்ப முடியாது. 'அமெச்சூர்' என்பதைப் 'பயில்முறை' என்று நாம் மொழிபெயர்த்தோம். பயில்முறை என்றால் இன்னும் தேராதவர் என்ற தொனி வந்துவிடுகிறது. இலத்தீன் வழியே பிரெஞ்சு மொழிக்கு வந்த மூலச்சொல்லுக்கு 'நேசிப்பவர்' என்பதே பொருள். 'அன்பர்' என்றால் அச்சொட்டாகப் பொருந்தும். அழகான சொல்தான். அந்த அழகைக் கொண்டு எழுப்பிய மதிலையும் நாம் பார்க்க வேண்டும்.

அன்பர் என்றால் ஆட்டத்துக்கு ஊதியம் பெறாதவர். ஊதியம் வேண்டாதவர் யார்? வேறு வருவாய் உள்ளவர். ஆட்டத்தால் பிழைத்தவர்களுக்குப் பல மன்றங்களில் உள்ளே நுழைய அனுமதியில்லை. 1920இல் இங்கிலாந்தில் டீல் என்னும் ஊரில் ஆட வந்த அமெரிக்கத் தொழில்முறை வீரர் வால்டர் ஏகனுக்கு மன்றக் கட்டடத்தின் கதவு திறக்கவில்லை. அவர் ஒரு காரை வாசலிலேயே நிறுத்தி அதற்குள் உடைமாற்றிக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் டொலீடோ நகர் மன்றம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது. நன்றியாக அவர்கள் ஒரு பெரிய கடிகாரத்தைப் பரிசளித்தனர். கதவைத் திறந்ததற்கே கடிகாரம்! நம் சிறுவன் விமெட்டையும் விதி விடவில்லை. விளையாட்டுப் பொருள் விற்கும் கடையில் பங்கு வைத்திருந்தமையால் 1916இல் அவன் அன்பர் தகுதியை இழந்தான். 1918இல்தான் திரும்பக் கிடைத்தது. கடை வைத்துப் பிழைத்தால் நேசம் போய்விடுமாம். ஆட்டத்தைப் பற்றி எழுதி வாழ்நாளெல்லாம் ஊதியம் பெற்ற டார்வினோ, கடைசி வரை அன்பராகவே இருந்தார். விதி பேனாவைக் கணக்கில் கொள்ளவில்லை.

பெண்களின் நிலை இன்னொன்று. சாய்ஸ் வெதரெட் என்பவரை அக்காலத்தில் ஆண் ஆட்டக்காரர்களே வியந்து போற்றினர். 1920இல், பதினெட்டு வயதில், செரிங்காம் களத்தில் வெற்றிக்கான அடியை அவர் தள்ளிய வேளையில், தொடர்வண்டி ஒன்று இரைந்து சென்றது. வண்டி போகட்டும் என்று ஏன் காத்திருக்கவில்லை என்று பின்னர்க் கேட்டவர்களிடம், "எந்த வண்டி?" என்று கேட்டாராம். 1933இல் வொர்பிள்ஸ்டன் கலப்பு இணைப் போட்டியில் ஐம்பத்தேழு வயது டார்வினும் அவரும் இணைந்து ஆடி வென்றனர். அந்த 1930களிலேயே, இலண்டன் அங்காடி ஒன்றின் கோல்ஃப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்ததால், வெதரெட் அன்பர் தகுதியை இழந்தார். 1934இல் டார்வின் தலைமை ஏற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் மன்றம் 1754இல் தொடங்கியது. பெண்களை உறுப்பினராக ஏற்பது என்று அது வாக்களித்த ஆண்டு 2014. எதிர்த்தெருச் சிறுவனுக்காக மகிழ்ந்த பேனா, மதிலைப் பற்றி அதிகம் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏர் உழுதவரின் மகனான தொழில்முறை வீரர் சேம்ஸ் பிரெய்டின் வரலாற்றை 1952இல் மதிப்போடு எழுதினார். அதையும் சொல்ல வேண்டும்.

நமக்கு இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞரும் அலுவலரும் ஊதியமின்றி மேடையேறினர். நாடகத்துக்கு மதிப்பு வந்தது என்று வரலாறு எழுதுகிறோம். நாடகமே பிழைப்பாகக் கொண்டவர்களைக் 'கூத்தாடிகள்' என்று அழைத்த அதே சமூகந்தான் இந்த மதிப்பை வழங்கியது. கலை ஒன்றே, கூலி வாங்காமையே வேறுபாடு.

இந்த அவையிலும் அந்தக் கேள்வி உண்டு. தமிழைக் கற்பித்து ஊதியம் பெறுகிறவள் நான். முனைவர் பட்டம் என் ஊதியத்தில் ஒரு படியை உயர்த்திற்று. உங்களுள் வங்கியில் பணிபுரிவோர், மருந்துக்கடை நடத்துவோர், இல்லத்தரசியர் இருக்கிறீர்கள். மாதந்தோறும் பேருந்துக் கட்டணத்தைச் சொந்தக் கையிலிருந்து கொடுத்து வருகிறீர்கள். விதிப்படி நீங்கள் அன்பர், நான் தொழிலாளி. கல்லூரிக் கருத்தரங்குகளில் 'இது ஆர்வலர் ஆய்வு' என்று மெல்லிய இளக்காரத்தோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 'ஊதியத்துக்காகப் படித்தவர்கள்' என்று எங்களைச் சொல்லும் எதிர் இளக்காரத்தையும் இத்தகைய வட்டங்களில் கேட்டிருக்கிறேன். இரண்டையும் நான் ஏற்கவில்லை. பட்டம் வாங்கியபின் தாமாக ஒரு நூலையும் தொடாத ஆசிரியர்களும் உண்டு. மேற்கோளைச் சரிபாராமல் நூல் எழுதும் அன்பர்களும் உண்டு. டார்வின் தம் வேலையில் தொழில்முறையாளர். நாள் தவறாமல், சொல் பிசகாமல் எழுதினார். ஆட்டத்தில் அன்பர், தோற்றாலும் சனவரிக் குளிரில் மறுபடியும் போய் நின்றார். இரண்டும் ஓராளிடம் இருக்கக்கூடும் என்பதற்காகவே அவரை இங்கே அழைத்து வந்தேன்.

அவர் கட்டுரைகள் இரண்டைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறேன். 'பங்கர்' என்பதற்கு மணற்குழி என்று வைத்தேன், அது பொருந்துகிறது. குழியைச் சுற்றி மழமழவென்றிருக்கும் 'கிரீன்' என்பதைப் பசுந்தளம் என்றால் அரசு அறிவிப்புப் பலகைபோல் இருக்கிறது. ஓரத்துப் புதர்ப்புல்லாகிய 'ரஃப்' என்பதற்கு இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. புன்செய்க் காட்டைச் சேர்ந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு சொல் இருக்கும் என்று நம்புகிறேன். செயலாளர் இடமளித்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் அவற்றை வாசிக்கிறேன்.